பத்து மணிக்கு வரும் லிங்க்

போன வாரம் ஒரு நாள் காலை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஷூ வாங்க அல்ல. அங்கே தைக்கிறதெல்லாம் கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போய்விடும். என் எதிர்வீட்டு நதியா அந்தக் கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு வேனைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பக்கம் பேங்க் வேலை இருந்தது. சரி, கொடுத்துவிட்டுப் போவோமே என்று போனேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி பாஷா பாய் டப்பாவை வாங்கி வைத்தார். அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு செல்ஃபோன். கம்பெனிக்குள் தொழிலாளிகள் யாரும் ஃபோன் கொண்டு போகக் கூடாது. அடுத்த வருஷம் வெளிநாட்டுக் கடையில் விற்கப்போகிற ஷூவின் டிசைனை யாராவது படம் எடுத்து வெளியே விட்டுவிட்டால்? அதனால் காலையில் கேட்டில் ஒப்படைக்கிற ஃபோன், சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கைக்குத் திரும்பி வரும்.

மணி பத்து ஆனது. திடீரென்று அந்த அலமாரி கத்த ஆரம்பித்தது. டிங்... டிங் டிங்... சில ஃபோன்கள் உறுமின. சில ஃபோன்கள் பாட்டே பாடின. கொஞ்ச நேரம் எங்களால் பேச முடியவில்லை.

"இன்னா பாய் இது?"

"இஸ்கூல் தொறந்துடுச்சு மேடம்" என்றார் பாஷா பாய், சிரிக்காமல். "டெய்லி இதே பேஜார்தான். பத்து மணி ஆனா பசங்களுக்கு பாடம் வந்துடும். எல்லாம் நேரா இங்க வந்து என் அலமாரில உக்காந்துக்கும்."

பாடம் என்று அவர் சொன்னது என்ன தெரியுமா? லிங்க். பள்ளி வாட்ஸப் குரூப்பில் ஆசிரியர்கள் அனுப்புகிற கல்வி இணையதளங்களின் லிங்க். அது தினமும் பத்து மணிக்கு ஒரு இரும்பு அலமாரியில் வந்து விழுகிறது. பிள்ளை படிக்கிறதோ இல்லையோ, பீரோ நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நாளாகவே உங்களில் பலர் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் - "மாணவர்கள், ஆசிரியர்கள், குடும்பத்தார் எல்லோருக்கும் பயன்படுகிற நல்ல கல்வித் தளங்களை ஒரு வாரம் தொகுத்துத் தாருங்களேன்." அந்தப் பட்டியல்தானே வேண்டும்? வாட்ஸப்பில் சும்மா கையை நீட்டினால் நூறு வந்து விழுமே! 'அறிவைப் பெருக்கும் நூறு தளங்கள்! உடனே சேமித்து வையுங்கள்! மூன்று குரூப்புக்கு அனுப்புங்கள்!' நாமும் சேமிக்கிறோம். அனுப்பவும் செய்கிறோம். திறக்கிறோமா? ஊறுகாய் ஜாடியையாவது வாரத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறோம்.

சரி, பட்டியல் கேட்டவர்கள் முதலில் நதியாவின் மகள் காவியாவுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

காவியா பத்தாம் வகுப்பு. ஊருக்குள் ஒரு மெட்ரிக் பள்ளி. வாசலிலேயே 'டிஜிட்டல் வளாகம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ். அதன் மூலையில் ஸ்கேன் செய்வதற்கு ஒரு கட்டம். கட்டியிருக்கிற உயரத்தில் அதை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் மின்வாரியத்து ஏணி வேண்டும். படிப்பு மோசமில்லை, சொல்லிவிடுகிறேன். காவியாவும் மோசமில்லை. அரையாண்டில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மார்க். பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும். பிறகு வேலூரில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும். இது அவளுடைய ஆசை. நதியாவுக்கு இதைவிடச் சின்னதாக இன்னொரு ஆசை - மகள் தன்னோடு கம்பெனி வேனில் ஏறக் கூடாது.

அந்தப் பள்ளியில் பொதுத் தேர்வுக்கு முன்பே பதினொன்றாம் வகுப்புக்கு யார் யாருக்கு எந்த குரூப் என்று பிரித்துவிடுவார்கள். அரையாண்டு மார்க்கை வைத்துத்தான் இதுவரை பிரித்தார்கள். இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 'இணையவழி ஈடுபாடு'. அதாவது, தினமும் பத்து மணிக்கு ஆசிரியர் லிங்க் அனுப்புவார். அதில் போய்ப் பாடத்தைப் பார்த்து, லிங்க்குக்குக் கீழே பள்ளி வைத்திருக்கிற நாலு கேள்விக்குப் பதில் அழுத்த வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கேள்விகள் மூடிக்கொள்ளும். அழுத்தியவர் பச்சை. அழுத்தாதவர் சிவப்பு.

பத்து மணிக்குக் காவியா எங்கே இருப்பாள்? பள்ளியில். பைக்குள் ஃபோன் இருந்தால் பிடுங்கிவைத்துக்கொண்டு, பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லுகிற அதே பள்ளியில்! வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, அதே வகுப்பில் நிற்கிற ஆசிரியர், ஊருக்கு வெளியே இருக்கிற அம்மாவின் ஃபோன் வழியாகப் பாடம் அனுப்புகிறார். நேரே வாயைத் திறந்து சொன்னால் டிஜிட்டல் ஆகாதே...

மற்றப் பிள்ளைகள் நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய் அம்மாவின் ஃபோனை வாங்கி அழுத்திவிடுவார்கள். காவியாவின் அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. அவர் ஃபோன் அவரோடு. அம்மாவின் ஃபோன் அலமாரியில். ஷிஃப்ட் முடிந்து, வேன் ஊரெல்லாம் சுற்றி, நதியா தெருவுக்குள் நுழையும்போது ஆறு எப்போதோ தாண்டியிருக்கும். எத்தனை நாள் ஆனாலும் காவியா சிவப்புதான்.

நதியா சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஃபோனை மகளுக்காக வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். வேன் டிரைவர் தெருமுனைக்கு வந்ததும் மிஸ்டு கால் கொடுப்பது வழக்கம். கால் போனது வீட்டுக்குள் இருந்த ஃபோனுக்கு. காவியா குளித்துக்கொண்டிருந்தாள், நதியா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வேன் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடியும் கேட்டில் பாதி நாள் லீவு எழுதிவிட்டார்கள்.

"அன்னிக்கு மட்டும் பச்சை வந்துச்சுக்கா" என்றாள் என்னிடம். "தெனம் பச்சை வேணும்னா நான் வேலைக்குப் போகக் கூடாது. வேலைக்குப் போகலன்னா அந்த ஸ்கூலுக்கு ஃபீஸே கட்ட முடியாது. இன்னா கணக்குக்கா இது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காவியாவை அம்மாவின் ஃபோனோடு என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வேதியியலில் மோல் என்று ஒரு பாடம் அவளுக்குப் புரியவில்லை. குரூப்பில் வந்த லிங்க் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திறப்போம் என்றேன். இவ்வளவு அறிவு வந்து கிடக்கிறதே, ஒரு மோலுக்கா வழி இருக்காது?

முதல் லிங்க்: 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை.' நேர்மையான தளம். இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது, பாடம் காட்டுவதற்கு முன்பே ஃபோன் நம்பர் கேட்டது. கொடுத்தேன். ஓடிபி கேட்டது. கொடுத்தேன். மோல் வரவில்லை; ஒரு பெண் குரல் வந்தது. "மேம், உங்க குழந்தையோட எதிர்காலத்தைப் பத்தி ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என் குழந்தைக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆனது என்றேன். விடவில்லை. பேரக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள்!

அடுத்தது இந்தியில் ஒரு வீடியோ. அதற்கடுத்தது, அழகான ஆய்வுக்கூடப் படம் போட்டு, 'இதைக் கம்ப்யூட்டரில் மட்டுமே பார்க்க முடியும்' என்றது. இன்னொன்றில் வெள்ளைக்காரக் குழந்தைகள் பீட்சாவை வெட்டிப் பின்னம் கற்றுக்கொண்டிருந்தார்கள். அது மூன்றாம் வகுப்புக்கானது. இன்னொன்றைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் திரையை மூடியது. பெருக்கல் குறியை அழுத்தினால் விளம்பரம் பெரிதானது.

"இது சாருக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள் காவியா.

நல்ல கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடைசியில் நாங்களே தேடி ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தோம். எந்தப் பட்டியலிலும் இல்லாதது. கலர் கிடையாது, பொம்மை கிடையாது. எந்த ஊர் ஆசிரியரோ, தமிழில் நிறுத்தி நிதானமாக எழுதிவைத்திருக்கிறார். ஒரு டஜன் முட்டை என்றால் எத்தனை என்று தெரியும் இல்லையா, மோலும் அப்படி ஓர் எண்ணிக்கையின் பெயர்தான் என்று ஆரம்பிக்கிறார். காவியா இரண்டு தரம் படித்தாள். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். விடை சரியாக வந்ததும் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... அந்தத் தளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே அதையும் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள். அப்புறம் யாரும் திறக்க மாட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து, காவியாவின் பள்ளி குரூப்பில் லிங்க் போடுகிற ஆசிரியரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'லிங்க் சார்'. நல்ல மனுஷன்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே கேட்டேன்.

"சார், நீங்க அனுப்புற தளத்தையெல்லாம் நீங்க திறந்து பார்க்கிறதுண்டா?"

அவர் டீயை ஆற்றினார். "எங்க மேடம் டைம் இருக்குது? கரெஸ்பாண்டன்ட் ஆபீஸ்லேர்ந்து ஒம்பதே முக்காலுக்கு எனக்கு வந்துடும். பத்து மணிக்குள்ள நான் குரூப்ல போடணும். போட்டத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவங்களுக்கு அனுப்பணும். அனுப்பலன்னா எனக்கு சிவப்பு."

"அவங்களாவது திறந்து பார்ப்பாங்களா?"

"அவங்களுக்கு வேற எங்கேர்ந்தோ வருதுங்க."

பார்த்தீர்களா! ஆசிரியருக்கும் சிவப்பு உண்டு. யாரோ அனுப்பியதை யாரோ அனுப்ப, அதை இவர் அனுப்ப, அம்மாக்களின் ஃபோன் அதை வாங்கிக்கொண்டு இரும்பு அலமாரிக்குள் கத்துகிறது. நடுவில் ஒருத்தர் திறந்து பார்த்திருந்தால் கூட அந்தச் சீட்டாட்டம் காவியா வரைக்கும் வந்திருக்காது. இதற்குப் பெயர் கல்வி என்றால், தபால்காரர்தான் ஊரிலேயே பெரிய படிப்பாளி.

குரூப் பிரிக்கிற நாள் வந்தது. நதியா அரை நாள் பர்மிஷன் போட்டாள். "நீங்க ஒண்ணும் பேச வாணாம்க்கா. பேப்பர்ல எழுதறவங்க, பக்கத்துல நின்னா போதும்" என்றாள். போனேன். சும்மா நிற்கிற வேலைக்கு எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு.

தலைமை ஆசிரியை மேஜையில் லேப்டாப். காவியாவின் பெயரைத் தட்டினார். சிவப்பு.

"மார்க்கெல்லாம் ஓகேதாம்மா. ஆனா பாருங்க, பொண்ணுக்கு ஆர்வமே இல்ல. ஆன்லைன்ல வர்றதே இல்ல. சயின்ஸ் குரூப் கஷ்டம். காமர்ஸ்ல போட்டுடறேன்."

காமர்ஸ் படித்து நன்றாக இருக்கிறவர்கள் என் வீட்டிலேயே உண்டு. ஆனால் கேட்டுச் சேர்வது வேறு, தள்ளிச் சேர்ப்பது வேறு. காவியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று நதியா வழியில் சொல்லியிருந்தாள்.

நதியா கேட் விஷயத்தைச் சொன்னாள். வேன் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்? ஒரு ஃபோன் வாங்கி வீட்ல வைங்க. எல்லா பேரண்ட்ஸும் செய்யறாங்க. உங்களுக்கு மட்டும் தனியா ரூல் போட முடியுமா?"

நதியா மேஜை ஓரமாக நகர்ந்து லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தாள். அப்படிப் பார்க்கக் கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்வதற்குள் பார்த்து முடித்துவிட்டாள். சிவப்புப் பெயர்களை வரிசையாக வாசித்தாள். ஷர்மிளா. அஃப்ரீன். திவ்யா. கோகுல். ரேவதி...

"மிஸ், இது எல்லாம் கம்பெனி வேன்ல போறவங்க பசங்க."

திரையில் ஒவ்வொரு பெயராக விரலை வைத்தாள்.

"அஃப்ரீன் அம்மா என் பக்கத்து மெஷின். ஷர்மிளா அம்மா பேக்கிங்ல இருக்குது. ரேவதி அம்மா வேற கம்பெனி, அங்கயும் ஃபோன் கேட்லதான். நீங்க ஆர்வம் இல்லாத பசங்கன்னு எடுத்து வெச்சிருக்கீங்களே... எங்க ஷிஃப்ட்ட எடுத்து வெச்சிருக்கீங்க மிஸ்."

எனக்கு அப்படியே கைதட்ட வேண்டும் போல இருந்தது. பேசக் கூடாது என்று சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தாள்? வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

தலைமை ஆசிரியை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திரை. "மேடம், நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். குரல் சட்டென்று இனிமையானது. "நாங்க மனிதாபிமானத்தோடதான் பாக்கறோம் மேடம். காவியாவுக்கு சயின்ஸ் குரூப் குடுத்துடலாம். மார்க்தான் நல்லா இருக்கே!"

மார்க் நன்றாக இருப்பது ஐந்து நிமிஷத்துக்கு முன்பும் அதே திரையில்தான் இருந்தது. காவியா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி. இவளுக்காக நான் வந்து நின்றேன். அஃப்ரீனுக்கும் கோகுலுக்கும் யார் வந்து நிற்பது?

பேசாமல் இருந்தது போதும் என்று நானே வாயைத் திறந்தேன். "ஆறு மணியை ஒன்பது மணி ஆக்கிட்டா இந்தப் பிள்ளைங்க எல்லாரும் எழுதிடுவாங்களே?"

"அது சிஸ்டம் செட்டிங் மேடம். கரெஸ்பாண்டன்ட் சார்கிட்ட கேக்கணும். கேட்டுச் சொல்றோம்." கேட்டுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களே, உங்களுக்கான என் சிபாரிசு இதோ. பாடநூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ள அரசாங்கமே தளம் வைத்திருக்கிறது. முதலில் அதைத் திறங்கள். பாடத்துக்கு முன்னால் ஃபோன் நம்பர் கேட்கிற எதையும் மூடுங்கள். ஆசிரியர்களே, நீங்கள் படித்துப் புரிந்துகொண்ட ஒரே ஒரு பக்கத்தை வாரத்துக்கு ஒரு தரம் அனுப்பினால் போதும். நூறு வேண்டாம். அதையும் ஒரு மட்டமான ஃபோனில், கம்மியான டேட்டாவில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். குடும்பத்தாரே, குரூப்புக்குக் குரூப் தள்ளிவிடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பிள்ளை பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இதைக்கூட ஒருத்தி பத்தி எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் கேவலம்.

பள்ளியிலிருந்து நாங்கள் கிளம்பும்போது தலைமை ஆசிரியை பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேம்மா. சீட்ட கன்ஃபர்ம் பண்றதுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு லிங்க் வரும். மதியம் பன்னெண்டுக்குள்ள க்ளிக் பண்ணிடுங்க. இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குப் போய்டும்."

நதியா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நதியா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காலையிலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன நேரத்துக்கு லிங்க் வந்தது. தொட்டவுடன் திறந்தது. விளம்பரம் இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டம் இல்லை. ஓடிபி கேட்கவில்லை. இந்தி இல்லை, சுத்தமான தமிழ், எழுத்துகூடப் பெரிது. காவியாவின் பெயர், வகுப்பு, குரூப் எல்லாம் தயாராக நிரப்பப்பட்டு, கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன் - 'முதல் தவணைக் கட்டணம் செலுத்துக.'

இந்த நாட்டில் ஃபீஸ் கட்டுகிற பக்கம் திறக்கவில்லை என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?